உடம்பில் கட்டினால் மட்டும் சிக்னல் படுத்துவிடுகிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மணிக்கட்டில் ஒரு சென்சார், இடுப்பில் ஒரு ரிசீவர். இடையில் மூன்றடி தூரம்கூட இல்லை. இதே ஜோடி காலேஜ் வராந்தாவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சுத்தமாகப் பேசியிருக்கும். ஒரு ஆள் உடம்பில் கட்டி நடக்க விட்டதும் பாக்கெட்டுகள், அதாவது டேட்டாவைச் சுமந்து வரும் சின்னப் பொட்டலங்கள், பாதி காணாமல் போகும். ஃபைனல் இயர் புராஜெக்ட் செய்கிற பிள்ளைகள் உடனே இரண்டில் ஒன்றைச் செய்வார்கள்: மதுரை டவுன்ஹால் ரோட்டுக்குப் போய் வேறு மாட்யூல் வாங்குவார்கள், இல்லையென்றால் கோடில் பவரை உச்சத்தில் வைப்பார்கள். இரண்டுமே பெரும்பாலும் காசுக்கும் பேட்டரிக்கும்தான் கேடு. இந்தத் தொல்லையில் தூரத்துக்கு வேலையே இல்லை. எந்த நேரத்தில், உடம்பு எந்த நிலையில் இருக்கும்போது அறுகிறது என்று பாருங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

கீழே உள்ளது 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிற சின்ன ரேடியோக்களுக்கானது. புளூடூத் லோ எனர்ஜி, என்ஆர்எஃப்24 மாட்யூல், இஎஸ்பி32 எல்லாமே இதில் அடக்கம். நெஞ்சுப் பட்டி போட்டு ஓடுகிறவர்கள், புளூடூத் இயர்போன்காரர்கள்கூட இரண்டாவது அறிகுறியையும் நான்காவதையும் படிக்கலாம்.

அடிப்படை ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் காற்றில் சுமார் 12.5 சென்டிமீட்டர். தசைக்குள் போனால் அது 2 சென்டிமீட்டருக்கும் கீழே சுருங்கிவிடும், ஏனென்றால் இந்த அலைவரிசையில் தசையின் மின்காப்பு மாறிலி, அதாவது அலையை அது எவ்வளவு மெதுவாக்குகிறது என்று காட்டும் எண், 53-ஐ ஒட்டி இருக்கிறது. அதோடு தசை மின்சாரத்தையும் ஓரளவு கடத்துவதால், உள்ளே போன அலை 2 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒருமுறை சுமார் 8 டெசிபல் இழக்கும் (10 டெசிபல் போனால் மிஞ்சுவது பத்தில் ஒரு பங்கு சக்திதான்). 20 சென்டிமீட்டர் வயிற்றைத் துளைத்துக்கொண்டு வருவது நடக்காத காரியம். முதுகிலிருந்து நெஞ்சுக்கு வரும் சிக்னல், தோலை ஒட்டி வளைந்து சுற்றி வந்ததாக இருக்கும். இல்லையென்றால் சுவரில் பட்டுத் திரும்பி வந்ததாக இருக்கும். மூன்றாவது வழி கிடையாது.

எதையும் கழற்றுவதற்கு முன்னால்

ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு வரிசை எண்ணும் நேரமும் இருக்கட்டும். ரிசீவர் பக்கத்தில் அந்தப் பாக்கெட் வந்தபோது இருந்த சிக்னல் அளவையும், அதாவது ஆர்எஸ்எஸ்ஐ-யையும், சேர்த்துப் பதிவு செய்யுங்கள். என்ஆர்எஃப்24 மாட்யூலில் இந்த அளவு கிடைக்காது, −64 டிபிஎம்முக்கு மேலா கீழா என்று ஒரே ஒரு பிட் மட்டும்தான் சொல்லும் (டிபிஎம் என்பது சிக்னல் சக்தியின் அளவு; −60-ஐவிட −90 மிக மெலிவு). அது வைத்திருப்பவர்கள் வரிசை எண்ணை நம்பியே வேலை செய்ய வேண்டும்.

இங்கே பலர் ஏமாறுகிற ஒரு இடம் இருக்கிறது. வந்து சேர்ந்த பாக்கெட்டுக்குத்தான் ஆர்எஸ்எஸ்ஐ உண்டு. வராத பாக்கெட்டுக்கு ஏது அளவு? ஆகவே ரிப்போர்ட்டில் "சராசரி −71 டிபிஎம், நல்ல சிக்னல்" என்று எழுதினால், செத்துப்போன பாக்கெட்டுகளை எல்லாம் விட்டுவிட்டுப் பிழைத்தவற்றுக்கு மட்டும் சராசரி போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். வரிசை எண்ணில் விழுந்த ஓட்டைகளை முதலில் பாருங்கள். ஓட்டைக்கு முன்னும் பின்னும் இருந்த ஆர்எஸ்எஸ்ஐ எப்படி இறங்கி எப்படி ஏறியது என்று அடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று. ஆளை நடக்க விடும்போது போனில் வீடியோ எடுத்து வையுங்கள். தொடங்கும்போது அவரை ஒருமுறை தொப்பென்று குதிக்கச் சொன்னால் போதும். அசைவை அளக்கும் ஆக்ஸலரோமீட்டரின் கிராஃபில் விழும் முள்ளையும் வீடியோவில் பாதம் தரையைத் தொடும் பிரேமையும் ஒன்றாக வைத்து நேரத்தைப் பொருத்திவிடலாம். இதில்லாமல் கிராஃபை மட்டும் வைத்துக்கொண்டு ஊகிப்பது வீண் வேலை.

பதிவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி: ஓட்டை விழுமுன் ஆர்எஸ்எஸ்ஐ இறங்கியதா, இல்லையா? இறங்கி, அப்புறம் விழுந்தால் அது மங்கல், அதாவது சிக்னலே மெலிந்துபோனது. கீழே உள்ள முதல் ஆறு அறிகுறிகளில் ஒன்று. ஆர்எஸ்எஸ்ஐ −60-லேயே கம்பீரமாக நிற்கும்போது பாக்கெட் மட்டும் காணோம் என்றால் ஆன்டெனாவை விடுங்கள், நேராக ஏழாவதற்குப் போங்கள்.

1. மேசையில் ஓடுகிறது, கட்டியவுடன் நின்ற இடத்திலேயே விழுகிறது

ஆள் அசையவே இல்லை, இருந்தும் 10, 15 டெசிபல் காணோம். ஆன்டெனா தோலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. உடம்பு பக்கத்தில் வந்ததும் ஆன்டெனாவின் ஒத்ததிர்வு, அதாவது அது நன்றாக வேலை செய்யும் அலைவரிசை, கீழ்ப்பக்கம் நகர்ந்துவிடும். 2.45-க்கு என்று வெட்டியது 2.3-இல் போய் உட்கார்ந்திருக்கும். போதாததற்கு, வெளியே போக வேண்டிய சக்தியில் ஒரு பங்கு தோலைச் சூடாக்கப் போய்விடும்.

சோதனை எளிது. போர்டை மேசையில் வைத்து, ஆர்எஸ்எஸ்ஐ ஓடும் திரையைப் பார்த்துக்கொண்டே உள்ளங்கையை ஆன்டெனாவின் பக்கம் மெல்லக் கொண்டு போங்கள். தொடும்போது சட்டென்று விழுந்து, ஒரு விரல் கனம் விலக்கினால் திரும்ப ஏறினால், வியாதி இதுதான். யோகா பாய் அல்லது ரப்பர் செருப்பு அட்டை மாதிரியான நுரைத் துண்டை 5 மில்லிமீட்டர், அப்புறம் 10 மில்லிமீட்டர் கனத்தில் வெட்டி, போர்டுக்கும் தோலுக்கும் நடுவே வைத்துப் பாருங்கள். 10 மில்லிமீட்டரில் கிடைக்கிற மீட்சியைப் பார்த்தால், மாட்யூல் மாற்றும் எண்ணமே போய்விடும். இதைவிட மலிவான வைத்தியம் இந்தத் துறையில் இல்லை.

போர்டு எந்தப் பக்கமாகக் கிடக்கிறது என்பதையும் பாருங்கள். போர்டிலேயே செம்புக் கோடாக அச்சிட்ட பிசிபி ஆன்டெனா இருக்கிற முனைக்கு அடியில் பேட்டரியைச் செருகியிருப்பார்கள். பெட்டி சின்னதாக வேண்டும் என்ற ஆசைதான் காரணம். உலோக உறை போட்ட பேட்டரியை ஆன்டெனாவுக்கு நேர் கீழே வைப்பது, வாயைப் பொத்திக்கொண்டு பேசுவதுதான். பேட்டரியை போர்டின் மறுகோடிக்கு நகர்த்துங்கள்.

இடம் இருந்தால், தோலுக்குச் செங்குத்தாக நிற்கிற ஒரு குட்டி ஆன்டெனாவைப் போட்டுப் பாருங்கள். மின்புலம் உடம்பின் பரப்புக்குச் செங்குத்தாக இருந்தால்தான் அலை தோலை ஒட்டி நன்றாக ஊர்ந்து போகும். படுத்த நிலையில் இருந்தால் சீக்கிரம் செத்துவிடும். கால் அலைநீளக் கம்பி என்றால் 3 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கும், சட்டைக்குள் குத்தும், யாரும் கட்டிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் எவ்வளவு டெசிபல் நம்மிடமிருந்து போகிறது என்று அளந்து பார்க்க அது உதவும்.

மனிதரைப் பிடித்து நிறுத்தி வைக்காமல் மேசையிலேயே இதையெல்லாம் சோதிக்க வேண்டுமானால், 20 லிட்டர் தண்ணீர் கேன் போதும். கிட்டத்தட்ட 180 கிராம் கல்லுப்பைக் கரைத்தால் உடம்பு திரவத்தின் உப்பளவுக்கு வந்துவிடும். தசையின் குணம் அப்படியே வராது. ஆனால் சிக்னலை மறைக்கிற வேலையை அந்தக் கேன் ஒழுங்காகச் செய்யும். ஒரு பக்கம் சென்சார், எதிர்ப்பக்கம் ரிசீவர் என்று ரப்பர் பேண்டால் கட்டி, நுரைத் துண்டு மாற்றி மாற்றி அளக்கலாம். கேன் நடக்காது என்பதுதான் அதன் ஒரே குறை.

2. லேபில் அருமை, மைதானத்தில் மோசம்

எல்லாரும் குழம்புகிற அறிகுறி இது. வெட்டவெளியில் தடை ஒன்றும் இல்லையே, அங்கேதானே நன்றாக எடுக்க வேண்டும்?

லேபில் நான்கு சுவர், கூரை, இரும்பு பீரோ, மின்விசிறி என்று சிக்னல் பட்டுத் திரும்ப ஆயிரம் இடம். முதுகுப் பக்கம் கிளம்பிய அலை பீரோவில் மோதி நெஞ்சுப் பக்கம் வந்துவிடும். உடம்பு மறைத்த சிக்னலுக்கு அறை முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்தின் நடு மைதானத்துக்குப் போனால் அந்த முட்டு போய்விடும். தரையில் பட்டு வருகிற கொஞ்சத்தைத் தவிர, தோலை ஒட்டிச் சுற்றி வருவது மட்டும்தான் மிச்சம்.

இது உங்கள் கேஸா என்று தெரிந்துகொள்ள, ஆளை நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றச் சொல்லுங்கள். இரண்டு முனையும் அவர் மேலேதான் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று நகரவில்லை. அறைக்குள் சுற்றும்போது ஆர்எஸ்எஸ்ஐ ஏறி இறங்கினால், சுவர் புண்ணியத்தில் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். மைதானத்தில் சுற்றினால் அது கிட்டத்தட்ட ஒரே கோட்டில் நிற்கும். அங்கே கிடைக்கிற எண்தான் உங்கள் உண்மையான கணக்கு. அதை வைத்துத்தான் வடிவமைக்க வேண்டும். லேப் எண்ணை வைத்து ரிவ்யூவில் பாஸ் ஆகலாம், விளையாட்டு வீரருக்குக் கொடுக்க முடியாது.

வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலையில் நடக்கிறவர்களுக்கும் இதே கதைதான். வீட்டுக்குள் தடங்கலே இல்லாமல் பாடிய இயர்போன், குளத்தை ஒட்டிய திறந்த பக்கம் வந்ததும் விட்டுவிட்டுப் பாடும். போன் பேண்ட்டின் பின் பாக்கெட்டில் கிடக்கும். முன் பாக்கெட்டுக்கு, அல்லது சட்டைப் பைக்கு மாற்றினால் சரியாகிவிடும். இயர்போன் கம்பெனியைத் திட்ட வேண்டியதில்லை.

தீர்வு இடம் மாற்றுவதுதான். இரண்டு ஆன்டெனாவும் உடம்பின் ஒரே முகத்தில் இருக்கட்டும். நெஞ்சுச் சென்சாருக்கு ரிசீவர் தொப்புள் பக்கம், இடது மணிக்கட்டுக்கு இடது முன் இடுப்பு. முதுகில் வைத்தே ஆக வேண்டும் என்று அடம் பிடித்தால், நடுவே விலாப்பக்கம், வாங்கித் திரும்ப அனுப்புகிற ஒரு அஞ்சல் நோடு போட்டு இரண்டு தாவலில் கொண்டு வாருங்கள். உடம்பைச் சுற்றிப் போகும் பாதையில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் இழப்பு ஏறிக்கொண்டே போவதால், பாதையைப் பாதியாக வெட்டுவது பவரை ஏற்றுவதைவிடப் பல மடங்கு லாபம்.

3. நடக்கும்போது தாளம் போட்டது போல அறுகிறது

கிராஃபில் பார்த்தால் அலை அலையாக இருக்கும். நிற்கும்போது −65, நடக்க ஆரம்பித்ததும் −60-க்கும் −90-க்கும் நடுவே ஊஞ்சலாடும். விநாடிக்கு ஒரு முறை சரிந்தால் அது கை வீச்சு. ஒரு ஆள் சாதாரணமாக நடக்கும்போது விநாடிக்கு இரண்டு அடி வைப்பார். ஒரு கை முன்னும் பின்னும் போய்வர ஒரு விநாடி ஆகும். வீடியோவைப் பொருத்திப் பார்த்தால், கை இடுப்பைத் தாண்டிப் பின்னால் போகிற கணத்தில் பள்ளம் விழுவது தெரியும்.

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு சிலம்பக் கூடத்தில் மணிக்கட்டுச் சென்சார் கட்டி அளக்கும்போது, பாக்கெட் வருகிறதா என்று சட்டென்று தெரிய இடுப்பு ரிசீவரில் ஒரு பச்சை எல்ஈடி வைத்திருந்தோம். பையன் கம்பை வீசத் தொடங்கியதும் அது மின்னி மின்னி அணைந்தது. லேப்டாப்பில் கிராஃப் வரைவதற்குள், ஓரமாக நின்ற வாத்தியார் சொல்லிவிட்டார்: "தம்பி, கை முதுகுப் பக்கம் போறப்பல்லாம் ஒங்க லைட்டு அணையுது. முன்னால வாரப்ப எரியுது." பதிவும் அதையேதான் காட்டியது. முன் வீச்சில் −58, கம்பு தோளுக்குப் பின்னால் சுழன்று இறங்கும்போது ஒன்றுமே இல்லை. மூங்கில் கம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உலர்ந்த மூங்கில் இந்த அலையை அவ்வளவாகத் தடுக்காது. ஆளின் தோளும் விலாவும்தான் மறைத்தன.

இங்கே புரிந்துகொள்ள வேண்டியது, பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதைவிட அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான். கை வீச்சில் விழும் பள்ளம் 200, 300 மில்லிவிநாடி நிற்கும். என்ஆர்எஃப்24 மாட்யூல் தானாகத் திரும்ப அனுப்பும் வசதியை எடுத்துக்கொள்ளுங்கள்: உச்ச அளவில் வைத்தாலும் 4 மில்லிவிநாடி இடைவெளியில் 15 தடவை, அதாவது மொத்தம் 60 மில்லிவிநாடி. பள்ளம் முடிவதற்குள் 15 தடவையும் தட்டிப் பார்த்துவிட்டு, கதவு திறக்கவில்லை என்று பாக்கெட்டைக் கைவிட்டுவிடும். ரீட்ரை எண்ணிக்கையை ஏற்றியும் பயனில்லை என்று புலம்புகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. நடக்கிற உடம்பில் சிக்னல் மெதுவாக மாறும். உடனே திரும்ப அனுப்பினால் அதே பள்ளத்தில்தான் விழும். அரை வீச்சு கழித்து, அதாவது ஏறக்குறைய அரை விநாடி பொறுத்து அனுப்பினால், கை முன்னால் வந்திருக்கும், போய்ச் சேரும்.

ஆகவே சேமித்து வைத்து அனுப்புங்கள். ஆறு அச்சுச் சென்சார், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட், விநாடிக்கு 50 தடவை என்றால் விநாடிக்கு 600 பைட். 10 விநாடிக்கு 6 கிலோபைட். 64 கிலோபைட் ராம் உள்ள புளூடூத் சில்லான என்ஆர்எஃப்52832-க்கு இது ஒரு பொருட்டே இல்லை. அர்டுயினோ ஊனோவில் இருப்பதே 2 கிலோபைட்தான். அதில் 2 விநாடிக்கு மேல் வைக்க முடியாது. அதுவும் கை வீச்சுக்குப் போதும்.

புளூடூத்தில் இந்தச் சிக்கல் வேறு முகம் காட்டும். அங்கே ரேடியோவே பாக்கெட்டை விடாமல் திரும்பத் திரும்ப அனுப்பும். எனவே டேட்டா தொலையாது, தாமதமாகும். உங்கள் கோடு அந்த வரிசை நிரம்பியதைக் கவனிக்காமல் மேலே மேலே தள்ளினால், ரேடியோ கொடுத்த பாதுகாப்பைக் கோடு கெடுத்துவிடும். அனுப்பும் ஃபங்ஷன் திருப்பித் தரும் பிழை எண்ணைப் பாருங்கள். பெரும்பாலான மாணவர் கோடுகளில் அந்த வரியே இருக்காது.

காத்திருக்கவே முடியாத வேலை, உடனுக்குடன் டேட்டா வேண்டும் என்றால், முன் இடுப்பில் ஒன்று பின் இடுப்பில் ஒன்று என இரண்டு ரிசீவர் வையுங்கள். கை முன்னால் இருக்கும்போது முன்னது கேட்கும், பின்னால் போனால் பின்னது கேட்கும். ஒன்று பள்ளத்தில் இருக்கும்போது மற்றது மேட்டில் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். இரண்டையும் ஒரே பெல்ட்டில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினால் இரண்டும் ஒன்றாகவே விழும். சிலம்பக்காரருக்கு நாங்கள் கடைசியில் செய்தது இதைத்தான்.

அனுப்பும் வேகத்தையும் குறைத்துப் பாருங்கள். என்ஆர்எஃப்24எல்01+ சில்லுக்கு 2 மெகாபிட்டில் கேட்கும் திறன் −82 டிபிஎம், 250 கிலோபிட்டில் −94. செலவே இல்லாமல் 12 டெசிபல். நம் கையில் கிடைக்கிற மாட்யூல்களில் நகல் சில்லுகளும் உண்டு, அவற்றில் இந்த எண் அப்படியே வராது. ஆனாலும் திசை மாறாது.

4. உட்கார்ந்தால், படுத்தால் முழுசாகப் போய்விடுகிறது

நடைப் பள்ளம் தானாக மேடேறும். இது ஏறாது. வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் வலது இடுப்பு ரிசீவர் மெத்தைக்கும் உடம்புக்கும் நடுவில் நசுங்கிக் கிடக்கும், விடியும் வரைக்கும்கூட. பைக்கில் உட்கார்ந்தவரின் பேண்ட்டுப் பின் பையும் அப்படித்தான். காத்திருந்து அனுப்புகிற தந்திரம் இங்கே செல்லாது, பஃபர், அதாவது சேமித்து வைக்கும் இடம், நிரம்பி வழிந்துவிடும். இடத்தைத்தான் மாற்ற வேண்டும். தூக்கத்தை அளக்கிற கருவி என்றால் ரிசீவரை உடம்பிலிருந்தே கழற்றி, கட்டில் தலைமாட்டில் வையுங்கள். அறைச் சுவர்கள் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். புளூடூத்தில் தொடர்பு அறுந்ததாக முடிவு கட்டும் நேரத்தை 32 விநாடி வரை நீட்டலாம். புரண்டு படுப்பதற்குள் அறுந்து, திரும்ப இணைய நேரம் எடுக்கும் தொல்லை அதில் குறையும்.

5. காலையில் சரி, வெயில் ஏற ஏற மோசம்

மே மாத மதுரையில் 40 டிகிரியில் அரை மணி நேரம் ஓடினால் பனியனைப் பிழியலாம். வியர்வை என்பது உப்புத் தண்ணீர். அது ஆன்டெனாவுக்கும் தோலுக்கும் நடுவில் இருந்த காற்று இடைவெளியை நிரப்பிவிடும், முதல் அறிகுறியின் வியாதி திரும்ப வந்துவிடும். காலையில் 5 மில்லிமீட்டர் நுரை இருந்தது, மதியம் அதே நுரை ஈர ஸ்பாஞ்ச். ஆகவே நுரை, தண்ணீர் உறிஞ்சாத மூடிய கண் ரகமாக இருக்க வேண்டும். ஸ்பாஞ்ச் வேண்டவே வேண்டாம்.

வெயிலா வியர்வையா என்று பிரிக்க, நிழலில் ஈரத் துண்டை மடித்து ஆன்டெனா மேல் போட்டுப் பாருங்கள். அதிலேயே விழுந்தால் வியர்வைதான். விழாவிட்டால் பேட்டரியை சந்தேகப்படலாம்.

6. ஒருவருக்கு ஓடுகிறது, இன்னொருவருக்கு ஓடவில்லை

உடம்பு வாகு ஒரு காரணம்; பெருத்த இடுப்பைச் சுற்றி வர அலைக்குப் பாதை நீளம். ஆனால் முதலில் உலோகத்தைத் தேடுங்கள். பெல்ட் பக்கிள், வண்டிச் சாவி, சட்டைப் பைச் சில்லறை. நம் ஊரில் வேட்டிக்கு அடியில் வெள்ளி அரைஞாண் கொடி கிடக்கும், கேட்டால்தான் சொல்வார்கள். ரிசீவரின் ஆன்டெனா முனை அதன் மேலேயே உட்கார்ந்தால் அதன் அலைவரிசை நகர்ந்துவிடும். பட்டுப்புடவை கட்டியவருக்கு இடுப்பில் மாட்டினால், ஜரிகைக் கரை மடிப்பு ஆன்டெனாவை மூடிக்கொள்கிறதா என்று பாருங்கள். அசல் ஜரிகையில் இருப்பது வெள்ளிக் கம்பி. ரிசீவரை இரண்டு விரல்கடை மேலே ஏற்றினாலே இவை எல்லாம் முடிந்துவிடும்.

7. ஆர்எஸ்எஸ்ஐ நன்றாக இருக்கிறது, பாக்கெட் மட்டும் இல்லை

இது மங்கல் இல்லை, சத்தம். வேறு யாரோ அதே நேரத்தில் பேசுகிறார்கள். ஹாஸ்டல், லேப், கல்யாண மண்டபம், அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகைக்கரை, எல்லாம் ஒன்றுதான்: ஆளுக்கொரு போன், போனுக்கொரு புளூடூத். கூட்டத்தில் இன்னொன்றும் சேரும். சுற்றி நிற்கிற உடம்புகளும் அலையை விழுங்குவதால், லேபில் கிடைத்த சுவர் எதிரொலியும் அங்கே கிடைக்காது. அந்தப் பங்கு ஆர்எஸ்எஸ்ஐ இறக்கமாகத் தனியாகத் தெரியும்.

வைஃபை 1, 6, 11 சேனல்கள் 2402-இலிருந்து 2472 மெகாஹெர்ட்ஸ் வரை பெரும்பகுதியை அடைத்துக்கொள்கின்றன. புளூடூத் தானாகத் தாவித் தப்பிக்கும். என்ஆர்எஃப்24 தாவாது, நீங்கள் வைத்த இடத்திலேயே நிற்கும். அதை 2474 முதல் 2478 வரையான இடுக்கில் வைத்துப் பாருங்கள், அதாவது சேனல் 74-இலிருந்து 78. பக்கத்தில் யாராவது வைஃபை 13-ஐப் போட்டிருந்தால் அந்த இடுக்கும் போய்விடும், ஒருமுறை ஸ்கேன் செய்து பாருங்கள். இணையத்தில் பல பாடங்கள் சேனல் 108-க்குப் போகச் சொல்கின்றன, வைஃபை தொல்லை இருக்காது என்று. அது 2508 மெகாஹெர்ட்ஸ். இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடியது 2400 முதல் 2483.5 வரைதான். அங்கே போகாதீர்கள்.

ரிசீவர் டாங்கிளை லேப்டாப்பில் செருகியிருந்தால், பக்கத்து ஓட்டையில் யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா பாருங்கள். யுஎஸ்பி 3 ஓடும்போது கசிகிற இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸிலும் விழும். ஒரு அடி எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு டாங்கிளைத் தள்ளி வைத்தால் போதும்.

8. வரிசை எண் திடீரென்று பூஜ்யத்துக்குப் போகிறது

போர்டு ரீசெட் ஆகிறது. ஆன்டெனாவுக்குச் சம்பந்தமில்லை. பழைய காயின் செல்லின் உள் தடை 50 ஓம் ஆகிவிட்டால், ரேடியோ 10 மில்லிஆம்பியர் இழுக்கும்போதே அரை வோல்ட் விழுந்துவிடும். என்ஆர்எஃப்24-இன் மின்சாரக் கால்களுக்குக் குறுக்கே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்கள். இஎஸ்பி32-ஐக் காயின் செல்லில் ஓட்ட நினைக்கவே வேண்டாம்.

9. பாக்கெட் வருகிறது, எண்தான் தப்பு

இதயத்துடிப்பு திடீரென்று 180 காட்டுகிறது, ஆள் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். எலக்ட்ரோடு காய்ந்திருக்கிறது, தண்ணீர் தொட்டுப் போடுங்கள். ரேடியோ பாக்கெட்டில் பிழை சரிபார்க்கும் பிட்டுகள் உண்டு. கெட்டுப்போன பாக்கெட் தூக்கி எறியப்படும், தப்பான எண்ணாக வந்து நிற்காது.

10. எல்லாம் செய்தும் மிச்சம் இருக்கிறது

இப்போது பவரைத் தொடலாம். என்ஆர்எஃப்52832-இல் 0-இலிருந்து உச்சமான +4-க்கு ஏற்றினால் கிடைப்பது 4 டெசிபல். 30 டெசிபல் பள்ளத்துக்கு அது எந்த மூலைக்கு? என்ஆர்எஃப்52840 வைத்திருந்தால் +8 வரை போகலாம். அதோடு புளூடூத் 5-இன் நீள்தூர முறையை, அதாவது 125 கிலோபிட் வேகத்தை, எடுத்துக்கொண்டால் கேட்கும் திறன் −95-இலிருந்து −103-க்கு இறங்கும். இதற்கு எதிர்முனையும் அந்த முறையை அறிந்ததாக இருக்க வேண்டும். பல போன்கள் அறியா.

அலைவரிசையையே மாற்றுவது கடைசி வழி. இந்தியாவில் 865–868 மெகாஹெர்ட்ஸில் உரிமம் இல்லாமல் ஓட்டலாம். அலைநீளம் 35 சென்டிமீட்டரை ஒட்டி இருப்பதால் உடம்பைச் சுற்றி வளைந்து வருவது 2.4-ஐவிட எளிது. கால் அலை ஆன்டெனா கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர் ஆகிவிடும் என்பதுதான் சங்கடம். மணிக்கட்டில் அதற்கு இடம் இல்லை, மடக்கிப் போட்டால் திறன் குறையும். இடுப்புக்கும் கணுக்காலுக்கும் சரி. உடம்பு வலையமைப்புகளுக்கென்றே 2012-இல் வந்த ஐஇஇஇ 802.15.6 தரத்தில், ஆன்டெனா இல்லாமல் உடம்பையே கம்பியாக வைத்து 21 மெகாஹெர்ட்ஸில் பேசும் முறைகூட இருக்கிறது. படிக்க அருமையாக இருக்கும். மார்ச் மாத ரிவ்யூவுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது என்றால், அதைத் தொடாமல் நுரைத் துண்டை வெட்டிக்கொண்டு வாருங்கள்.